ஈஸ்வரபாண்டிக்கு ‘ம’ விழவில்லை

ஈஸ்வரபாண்டி என்ற பேரைப் பிரித்துத் திருப்பிப் போட்டால் பாண்டீஸ்வரி வரும். பெண் பார்க்கப் போன அன்று ஜோசியர் இதைப் பெரிய பொருத்தம் என்று சொல்லி, கூடுதலாக ஒரு வெற்றிலை போட்டார். எதைச் சொன்னாலும் திருப்பிப் போடுவதுதான் அந்தப் பெண்ணுக்குப் பிறவித் தொழில் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஜோசியருக்கென்ன, சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். மாட்டிக்கொண்டது நம்ம ஈஸ்வரபாண்டி.

சின்னமனூரில் அவர் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வாசலில் ‘இங்கு மனுக்கள் டைப் செய்து தரப்படும்’ என்று ஒரு போர்டு. திங்கட்கிழமை தேனி கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம் நடக்கும். அதனால் சனியும் ஞாயிறும் சுற்றுப்பட்டு ஊர்க் குறையெல்லாம் அந்த முன்னறைக்கு வந்து வரிசையில் உட்காரும். குழாயில் தண்ணீர் வரவில்லை, பட்டா மாறவில்லை, பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை வெட்டிவிட்டான். எல்லாரையும் ஈஸ்வரபாண்டி அடித்து அனுப்புவார். டைப் அடித்து என்று படிக்கவும்.

அவர் அடிக்கிற கீபோர்டு லேசுப்பட்டதில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தை இழுத்து மூடியபோது இவர் கையோடு வாங்கிவந்த பழைய காலத்து மெக்கானிக்கல் கீபோர்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனியாக ஒரு சுவிட்சு. ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் ஒரு குட்டி ஸ்பிரிங்கு. கீழே போட்டால் கீபோர்டுக்கு ஒன்றும் ஆகாது, தரைக்குத்தான் சேதாரம். தட்டினால் தெருமுனை டீக்கடை வரைக்கும் சத்தம் கேட்கும். அந்த வீட்டில் ஈஸ்வரபாண்டி சத்தம் போடுகிற ஒரே இடம் அதுதான். அதனால் அதன்மேல் அவருக்கு உயிர்.

அப்படிப்பட்ட கீபோர்டு ஒரு சனிக்கிழமை காலையில் காலை வாரிவிட்டது.

பொட்டிப்புரத்திலிருந்து முருகம்மாள் வந்திருந்தார். தெருவிளக்கு எரியவில்லை என்று மனு. ஈஸ்வரபாண்டி விரலைச் சொடுக்கிக்கொண்டு ‘மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர்’ என்று ஒரே மூச்சில் தட்டிவிட்டு நிமிர்ந்தார். திரையில் ‘திப்பிற்குரிய ஆவட்ட ஆட்சித் தலைவர்’ என்று நின்றது. அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மறுபடியும் திப்பிற்குரிய. சரி, பேரையாவது அடிப்போம் என்று முருகம்மாள் பேரை அடித்தார். ‘உருகாள்’ என்று வந்தது. ஆக, ‘ம’ இருக்கிற கீ செத்துப்போச்சு.

“ஏ பாண்டீசு! கீபோர்டுல ஏதும் கைய வச்சியா?”

“நான் எதுக்கு வைக்கிறேன்? இங்கன அடுப்புலயே கையி சரியா இருக்கு.”

“ம விழ மாட்டேங்குது.”

“எப்படி விழும்? கல்யாணமான நாள்லருந்து நான் என்ன சொன்னாலும் ம், ம்ம்னே சொல்லிக்கிட்டு இருக்கீக. தேஞ்சு போயிருக்கும்.”

முருகம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். குறை சொல்ல வந்த இடத்தில் அவருக்குப் பொழுது நன்றாகப் போனது.

பாண்டீஸ்வரி கரண்டியோடு முன்னறைக்கு வந்தாள். “இத எதுக்குக் கட்டிக்கிட்டு அழுகுறீக? கடைக்குக் கடை கீபோர்டு தொங்குது. புதுசா ஒண்ணு வாங்கிப் போடுங்க. சத்தமும் வராது.”

“சத்தம் வராத கீபோர்டு ஒரு கீபோர்டா?”

“சத்தம் வராத புருசன் மட்டும் புருசனாக்கும்?”

வெளியாள் முன்னால் இப்படி ஒரு அடி விழுந்தால் எந்த ஆம்பளைக்கும் வீரம் வரும். ஈஸ்வரபாண்டிக்கும் வந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

“இத வேற எவனும் தொட வேணாம். நானே ரிப்பேர் பாத்துக் காட்டுறேன். பாரு.”

“பாக்கலேன்னா?”

புத்தியுள்ள ஆள் இந்த இடத்தில் இருமுவான், அல்லது தண்ணீர் கேட்பான். ஈஸ்வரபாண்டி நெஞ்சை நிமிர்த்தி, “நீ என்ன கேட்டாலும் செய்றேன்டி” என்றார்.

பாண்டீஸ்வரி யோசிக்கவேயில்லை. “மேகமல” என்றாள்.

ஈஸ்வரபாண்டி உட்கார்ந்துவிட்டார்.

விசயம் என்னவென்றால், அந்த வீட்டு அடுப்படி ஜன்னலைத் திறந்தால் நேரே மேகமலைதான். காலையில் மேகம் வந்து குந்தியிருக்கும், மத்தியானம் எழுந்து போகும், சாயங்காலம் திரும்ப வரும். கல்யாணமாகி வந்த நாள் முதல் பாண்டீஸ்வரி அந்த மலையைப் பார்த்துத்தான் காய் நறுக்குகிறாள். எங்கிருந்தெல்லாமோ காரெடுத்துக்கொண்டு ஜனங்கள் வந்து, சின்னமனூரில் டீ குடித்துவிட்டு, மேலே போய் போட்டோ பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அடிவாரத்தில் இருக்கிற அவள் மட்டும் ஒரு தடவைகூட ஏறினதில்லை. கேட்கும்போதெல்லாம் ஈஸ்வரபாண்டி ஒரு காரணம் வைத்திருப்பார். ரோடு சரியில்லை என்பார். ரோடு போட்டதும் யானை இறங்கியிருக்கிறது என்பார். யானை போனதும் அட்டை கடிக்கும் என்பார். உண்மையான காரணம் யானையுமில்லை, அட்டையுமில்லை. வளைந்து வளைந்து ஏறுகிற மலை ரோட்டில் அவர் வயிறு தாங்காது. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வாயைப் பொத்த வேண்டும். இதைப் பெண்டாட்டியிடம் சொல்லுவதற்கு அவருக்குக் கௌரவம் இடம் தரவில்லை. ஆகவே இத்தனை வருசமும் பரம ரகசியம்.

“சரி,” என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. “நான் ரிப்பேர் பாத்துட்டேன்னு வையி, அப்பறம் ஆயுசுக்கும் நீ மேகமலன்னு வாயே தெறக்கக் கூடாது.”

“தெறக்கல. முருகம்மா அக்கா சாட்சி. அடுத்த சனிக்கெழமைக்குள்ள இந்தக் கீபோர்டுல மேகமலைன்னு ஒரு எழுத்துக் கொறையாம அடிச்சுக் காட்டுங்க.”

இப்போதைக்கு அடித்துப் பார்த்தார். ‘ஏகலை’ என்று வந்தது.

அன்றைக்கு மனுக்களில் ‘ம’ வருகிற இடத்தையெல்லாம் காலியாக விட்டு, பிரிண்ட் எடுத்து, பேனாவால் ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தார். முருகம்மாள் தெருவில் விளக்கு எரிந்ததோ என்னமோ, கலெக்டர் ஆபீசில் அந்த மனுவைப் படித்தவருக்குக் கண் எரிந்திருக்கும்.

மறுநாள் வைத்தியம் ஆரம்பமானது. கீபோர்டைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் நாலு போடு போட்டார். முறுக்குத் தூள் கொட்டியது. ஏலக்காய்த் தோல் கொட்டியது. ஒரு நகம், பாதி பட்டன், எந்தக் காலத்திலோ செத்த ஒரு கரப்பான் எல்லாம் வந்தன. ‘ம’ மட்டும் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பலவேசம் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். அவர் பம்புசெட் மோட்டார் மெக்கானிக். தெரியாத மிசினுக்கும் யோசனை சொல்லுவதில் கெட்டிக்காரர்.

“என்ன மாப்ள, யாரப் போட்டு அடிக்கிற? தங்கச்சி வெளிய போயிருக்கா?”

“கீபோர்டு மாமா. ஒரு எழுத்து எந்திரிக்க மாட்டேங்குது.”

“எண்ணெ விட்டியா?”

“எண்ணெயா?”

“ஏலே, எந்த மிசினுக்கும் எண்ணெதான்லே மருந்து. வெளக்கெண்ணெய ஊத்து. கொழகொழன்னு நிக்கும், தேயவே தேயாது. நான் என்ன ஒனக்குக் கெடுதலா சொல்லப் போறேன்?”

ஈஸ்வரபாண்டி ஒரு எழுத்துக்கு ஊற்றினால் மற்ற எழுத்துகள் வருத்தப்படுமே என்று எல்லாவற்றுக்கும் சேர்த்தே ஊற்றினார். நல்ல மனசு. பலன் என்னவென்றால், அதுவரை ஒரு எழுத்துதான் வேலை செய்யவில்லை, அதற்கப்புறம் ஒரு எழுத்தும் வேலை செய்யவில்லை. அழுத்தினால் உள்ளே போகிற கீ, மேலே வருவதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தது. பலவேசம், “ஊறட்டும் மாப்ள, ஊறட்டும்” என்று சொல்லிவிட்டு மோட்டார் பார்க்கப் போய்விட்டார். விடிந்து பார்த்தால் கீபோர்டு முழுக்க எறும்பு. மேல் வரிசையில் ஏறி, கீழ் வரிசையில் இறங்கி, ஒழுங்காக டைப் அடித்துக்கொண்டு போயின.

பாண்டீஸ்வரி காபியோடு வந்து நின்று பார்த்தாள். “என்னங்க, எண்ணெ தேச்சு விட்டுருக்கீக போல. சீயக்கா போடலையா?”

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் ஈஸ்வரபாண்டிக்குப் பொறி தட்டியது. அதானே! எண்ணெய் போகணும் என்றால் சீயக்காய்தானே? தோசைக் கரண்டியை எடுத்துவந்து ஒவ்வொரு கீயின் தலையையும் நெம்பிப் பிடுங்கினார்.

“ஐயய்ய, அது என் தோசக் கரண்டிங்க!”

“இரு பாண்டீசு, ஆபரேசன் நடக்குது.”

கழற்றிய எழுத்துகளை அலுமினியச் சட்டியில் போட்டு, சீயக்காய்த்தூளைக் கரைத்து, வெந்நீர் விட்டு, கையால் அரக்கி அரக்கித் தேய்த்தார். சுவிட்சுகளை நைந்த வேட்டித் துணியைத் திரியாக முறுக்கி ஒவ்வொன்றாகத் துடைத்தார். மொட்டைமாடியில் பாண்டீஸ்வரி காயப்போட்டிருந்த சிவப்பு மிளகாய்க்குப் பக்கத்திலேயே துணி விரித்து எழுத்துகளைக் காயவைத்தார். கம்பம் பள்ளத்தாக்குச் சாரல் சும்மா இருக்குமா? வெயில் தலையைக் காட்டிவிட்டு ஓடிப்போனது. மறுநாளும் ஈரம் காயவில்லை. கீழே கொண்டுவந்து, தணல் அள்ளிப் போட்டு, சாம்பிராணியும் போட்டு, கீபோர்டுக்குப் புகை காட்டினார்.

வீடு முழுக்கப் புகை. பாண்டீஸ்வரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, “சனி நீராட்டுன்னு கேள்விப்பட்டுருக்கேன், செவ்வாக்கெழமையுமா? முடிஞ்சதும் மெளகு ரசம் வைக்கவா, அதுக்கு?” என்று கேட்டாள்.

சிரிக்கட்டும், சிரிக்கட்டும் என்று ஈஸ்வரபாண்டி பொறுத்துக்கொண்டார். ஆனால் பாருங்கள், தெய்வம் இருக்கிறது. எழுத்துகளைத் திரும்ப மாட்டித் தட்டினால் அத்தனையும் கலகலவென்று விழுந்தன! பழைய சத்தம், பழைய துடி. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், “பாண்டி அண்ணே ஆரம்பிச்சுட்டாரு” என்று சொன்னார்களாம். ‘ம’ ஒன்றுதான் பாக்கி. அதையும் சுவிட்சைத் திறந்து பார்த்துவிட்டால் முடிந்தது கதை. அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சாம்பிராணிப் புகையாலும் இருக்கலாம்.

மறுநாள் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ‘ம’ சுவிட்சின் மூடியைக் கத்தி முனையால் நெம்பினார். உள்ளே ஒரு தூசி அடைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் கோளாறு! ஊதினார். தூசி போனது. கூடவே ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்பிரிங்கும் போனது.

எந்தத் திசையில் போனது என்று அந்த ஸ்பிரிங்குக்குத்தான் வெளிச்சம்.

ஈஸ்வரபாண்டி மேசைக்கு அடியில் தேடினார். கட்டிலுக்கு அடியில் டார்ச்சு லைட்டோடு நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துத் தேடினார். பீரோவை நகர்த்தினார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. பலவேசம் மோட்டாரிலிருந்து கழற்றிய ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தார். அதை வீடு முழுக்க மாடு மேய்ப்பதுபோல மேய்த்தார்கள். இரண்டு ஆணி, ஒரு கொண்டை ஊசி, பிளேடுத் துண்டு, ஊக்கு ஒரு கொத்து என்று வந்து ஒட்டிக்கொண்டன.

“அடி ஆத்தே, என் ஊக்கெல்லாம் கெடச்சிருச்சு!” என்று பாண்டீஸ்வரி ஆசையாக எடுத்து வளையலில் கோத்துக்கொண்டாள். “தெனமும் எதையாவது தொலைங்க. வீடு சுத்தமாகுது.”

அப்புறம் மாற்று ஏற்பாடு. பால்பாயிண்ட் பேனாவைத் திருகி அதன் ஸ்பிரிங்கைப் போட்டுப் பார்த்தார். அது முரடு. விரலால் அழுத்தினால் இறங்கவில்லை. முட்டியால் குத்தினால் இறங்கியது. ஒரு மனுவுக்கு நூறு குத்து குத்தினால் கடைசியில் தனக்கே ஒரு மனு எழுத வேண்டிவரும். சரியென்று அதைப் பாதியாக வெட்டிப் போட்டார். இப்போது கீ உள்ளே போனது, வெளியே வரவில்லை. திரையில் மமமமமமமம என்று வரி வரியாக ஓடியது. பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி அவிழ்ந்து வந்து கம்ப்யூட்டருக்குள் புகுந்ததுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈஸ்வரபாண்டி சோர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்துவிட்டார். விடிந்தால் கெடு. மலை ரோடு கண்ணுக்குள் வளைந்து வளைந்து போனது. இப்போதே நாக்கில் புளித்தண்ணீர் ஊறியது.

பாண்டீஸ்வரி தட்டில் சூடாகப் பணியாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலில் அப்படி ஒரு பரிவு.

“ஏங்க, இதே மாதிரி பழைய ஸ்பிரிங்கு எங்கனயாச்சும் கெடச்சா ஜெயிச்சுருவீகளா?”

“ஜெயிச்ச மாதிரிதான். ஆனா இந்த மாடல எங்க போயித் தேடுறது? எல்லாப் பயலும் எடைக்குப் போட்டுட்டானுக.”

“என்கூடப் படிச்சாளே ஞானபாக்கியம், அவ வேல பாக்குற ஆபீஸ்ல இதே மாதிரி கனத்த கீபோர்டு ஒண்ணு கெடக்கு. போன மாசம் போட்டோ அனுப்புனா. காத்துக்குக் கதவு அடிக்காம இருக்க முட்டுக் குடுத்து வச்சுருக்காக.”

ஈஸ்வரபாண்டி பணியாரத்தோடு எழுந்து நின்றுவிட்டார். “நெசமாவா? எங்க இருக்கு அந்த ஆபீசு?”

“எஸ்டேட் ஆபீசுங்க. மேகமலைல.”

அவர் மெல்ல உட்கார்ந்தார். “அந்தப் பிள்ளயக் கீழ கொண்டாரச் சொல்லேன்.”

“அவ இனிமே பொங்கலுக்குத்தான் எறங்குவா.”

“பஸ்ல குடுத்து விடச் சொல்லு.”

“விடச் சொல்லலாம். கண்டக்டர் தேயிலை மூட்டைக்கு அடியில போட்டு அமுக்கிக் கொண்டாருவாரு. மூடியத் தெறந்தாலே பறக்குற ஸ்பிரிங்கு, அம்புட்டும் தெறிச்சு வழி நெடுக விழுந்தாப் பரவாயில்லையா?”

ஈஸ்வரபாண்டிக்கு உடம்பு சிலிர்த்தது.

“வேணாங்க, விடுங்க,” என்றாள் பாண்டீஸ்வரி. “ஒரு கீபோர்டுக்காக நீங்க எதுக்கு அலையணும்? தோத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. பலவேசம் அண்ணன்கிட்டயும் முருகம்மா அக்காகிட்டயும் நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்.”

“தோக்குறதா? நானா? எலும்பு ஒடைய ஒரு வாரம் வேல பாத்துருக்கேன்டி! நாளைக்கு மொத பஸ்ல நானே போயி எடுத்துட்டு வர்றேன்.”

“அப்ப மேகமலைக்குப் போறீக.”

“இது வேல விசயமாப் போறது. கூட்டிட்டுப் போறது வேற. இது கணக்குல சேராது.”

“சேரவே சேராதுங்க. இது ஆபீஸ் வேல.”

அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் ஈஸ்வரபாண்டிக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்தது. “ஆமா, அந்த ஞானபாக்கியத்துக்கு என்னைய அடையாளம் தெரியுமா?”

“எங்க தெரியும்? கல்யாணத்துல பாத்தது. இப்ப முடியெல்லாம் போயி வேற ஆளாயிட்டீக. எஸ்டேட் ஆபீஸ்ல முன்னப்பின்னத் தெரியாத ஆளு வந்து கதவுக்கு முட்டுக் குடுத்தத எடுத்துட்டுப் போனா விடுவாகளா?”

“அப்ப நீயும் வா.”

“நானா? எனக்கு மாவு ஆட்டணும். மொளகா காயப்போடணும்.”

“ஏ, வா பாண்டீசு. வந்து ஆள மட்டும் காட்டிரு.”

“மலையெல்லாம் எனக்கு எதுக்குங்க?”

“கெஞ்சிக் கேக்குறேன்டி. எனக்காக ஒரு தரம் வா!”

“சரி, இம்புட்டுத் தூரம் கூப்புடுறீக. ஒங்க பேச்சத் தட்ட முடியுமா?” என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு அவள் எழுந்து போனாள். எப்படியாவது அவளைச் சம்மதிக்கவைத்த திருப்தியில் ஈஸ்வரபாண்டி இன்னும் நாலு பணியாரம் சாப்பிட்டார்.

காலையில் புறப்படும்போது பாண்டீஸ்வரி தோளில் ஒரு ஊதா ஸ்வெட்டர் தொங்கியது. புத்தம் புதுசு.

“இது எப்ப வாங்குன?”

“ஆடித் தள்ளுபடில கெடந்துச்சு.”

பஸ் தென்பழனி செக்போஸ்ட்டைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. ஈஸ்வரபாண்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினார். முதல் வளைவு. வயிற்றுக்குள் பணியாரம் எழுந்து உட்கார்ந்தது. இரண்டாவது வளைவு. பணியாரம் நடக்க ஆரம்பித்தது. இத்தனை வருச ரகசியம் இப்படி நாலு பேர் முன்னால் வெளியே வரப்போகிறதே என்று அவர் கண்ணை மூடிய நேரத்தில், ஒரு பாலித்தீன் பை வாய்க்கு நேரே வந்து விரிந்தது. மூக்குக்கு நேரே ஒரு எலுமிச்சம்பழம் வந்தது.

“எடுங்க, அடக்காதீக,” என்றாள் பாண்டீஸ்வரி, முதுகைத் தடவிக்கொண்டே.

எல்லாம் முடிந்து முகத்தைத் துடைத்தபின் அவர் ஈனக் குரலில் கேட்டார். “ஒனக்கு எப்படித் தெரியும்?”

“கல்யாணமான புதுசுல கொமுளிக்குப் போறப்ப லோயர் கேம்ப் தாண்டுன மொத வளைவுலயே எறங்கி, அவசரமா ஒரு போன் பேசணும்னு மரத்துக்குப் பின்னால போனீகள்ல? அப்ப ஒங்ககிட்ட போனே கெடையாதுங்க.”

அதற்கப்புறம் ஒளிக்க ஒன்றுமில்லை. ஈஸ்வரபாண்டி ஒவ்வொரு வளைவிலும் மனம் விட்டு வாந்தி எடுத்தார். நடுவில் அவள் தோளில் சாய்ந்து கொஞ்சம் தூங்கினார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினமாதிரி இருந்தது. வயிற்றிலிருந்தும்.

மேலே இறங்கியதும் குளிர் காதைப் பிடித்தது. பாண்டீஸ்வரி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஒரு பாறை மேல் ஏறி நின்றாள். பின்னால் தேயிலைத் தோட்டம். முன்னால் மொத்தப் பள்ளத்தாக்கும் விரிந்து கிடந்தது. திராட்சைப் பந்தல், வாழை, தென்னந்தோப்பு, நடுவே தீப்பெட்டி தீப்பெட்டியாக ஊர். அவள் பேசவேயில்லை. அவள் பேசாமல் இருந்து ஈஸ்வரபாண்டி பார்த்ததே இல்லை என்பதால் பயந்துபோய்ப் பக்கத்தில் போனார்.

“என்னடி?”

“இத்தன வருசம் அங்கன இருந்து இங்கன பாத்துருக்கேன்ல. இங்கன இருந்து அங்கன பாக்கணும்னு ஆசைங்க. நம்ம வீடு எது?”

“இங்கருந்து எங்க தெரியும்?”

“அந்தா, செவப்பா ஒரு புள்ளி. காலைல மாடில மொளகா காயப்போட்டுட்டுத்தானே வந்தேன். அதேதான்.”

அது ஏதோ லாரியாக இருக்கும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் ஈஸ்வரபாண்டிக்கு வாதாடத் தோன்றவில்லை. “ஆமா, நம்ம மொளகாதான்” என்றார். இவ்வளவு சந்தோசத்தை ஒரு எலுமிச்சம்பழச் செலவில் முன்னாலேயே கொடுத்திருக்கலாமே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஞானபாக்கியம் ஓடிவந்து, “வாங்கண்ணே, முடி கொட்டுனாலும் முகம் அப்படியே இருக்கு!” என்று தூரத்திலேயே அடையாளம் கண்டு கூப்பிட்டார். ஈஸ்வரபாண்டி பாண்டீஸ்வரியைப் பார்த்தார். பாண்டீஸ்வரி மேகத்தைப் பார்த்தாள். ஏலக்காய் தட்டிப்போட்ட டீ வந்தது. கதவுக்கு அடியிலிருந்து கீபோர்டை உருவிக் கொடுத்தார்கள். அச்சாக அதே மாடல்! அதற்குப் பதில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, ஈஸ்வரபாண்டி அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டார். இறங்கும்போது ஒரு கையில் கீபோர்டு, ஒரு கையில் பாலித்தீன் பை.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் முகம்கூடக் கழுவவில்லை. கதவைச் சாத்தினார். ஃபேனை நிறுத்தினார். “யாரும் தும்மக் கூடாது” என்று உத்தரவு போட்டார். எஸ்டேட் கீபோர்டின் ஒரு சுவிட்சைத் திறந்து, ஸ்பிரிங்கை இரண்டு விரலால் பூவெடுப்பதுபோல எடுத்து, ‘ம’ வீட்டில் குடிவைத்து, மூடியை அமுக்கினார். கம்ப்யூட்டரைப் போட்டார். தட்டினார்.

மேகமலை.

“பாத்துக்கோ! ஒரு எழுத்துக் கொறையுதா? சனிக்கெழம இன்னும் முடியல! ஜெயிச்சது யாரு?” என்று குதித்தார். மறுபடி தட்டினார். மேகமலை மேகமலை மேகமலை. டீக்கடைக்குக் கேட்கட்டும் என்று ஓங்கித் தட்டினார்.

“நீங்கதாங்க ஜெயிச்சீக” என்றாள் பாண்டீஸ்வரி.

“இனிமே மேகமலன்னு வாயத் தெறக்கக் கூடாது. ஞாபகம் இருக்கா?”

“தெறக்கவே மாட்டேன். அதான் பாத்தாச்சுல்ல.”

ஈஸ்வரபாண்டியின் விரல் அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஊதா ஸ்வெட்டரைப் பார்த்தார். எங்கேயோ ஒரு கணக்கு உதைக்கிறது. ஆனாலும் போய்வந்தது நல்லதுதான் என்று அவருக்குப் பட்டது. கீபோர்டும் பிழைத்தது, அவள் முகமும் மலர்ந்திருக்கிறது. மனசைத் தேற்றிக்கொண்டார்.

“சரி விடு. எப்படியிருந்தாலும் அந்த ஸ்பிரிங்குக்கு அங்க போகாம வேற வழியும் இல்ல.”

பாண்டீஸ்வரி ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே கீபோர்டுப் பக்கம் குனிந்தாள். “ஏங்க, இந்தா மூலைல ஸ்க்ரோல் லாக்குன்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?”

“அது எதுக்குன்னு யாருக்குத் தெரியும்? வாங்குன நாள்லருந்து நான் அதத் தொட்டதே இல்ல.”

“அதுக்கு அடியிலயும் ஸ்பிரிங்கு இருக்குமா?”

“எல்லாக் கீக்கும் அடியில ஒரே மாதிரி ஸ்பிரிங்குதான்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் வாய் நின்றுவிட்டது.

விரலை நீட்டி அந்தக் கீயை ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். “ஏ பாண்டீசு, இது ஒனக்கு இப்பத்தானே தோணுச்சு?”

“இல்லங்க. நீங்க கட்டிலுக்கு அடியில படுத்துத் தேடிக்கிட்டு இருந்தீகள்ல, அப்பவே.”